மூன்றாவது குமிழ்

நடந்தவை:

1. கரங்கானுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு பழைய கார், சீர்செய்வதற்காகக் மலாயாவின் கூலிம் டவுனில் இருந்த எங்கள் பட்டறைக்கு வந்தது.

2. அதன் டேஷ்போர்டில் இருக்க வேண்டிய ஆறு குமிழ்களில் ஒன்றுகூட இல்லை.

3. பழைய ரேடியோப் பெட்டிகளிலிருந்து ஆறு குமிழ்களை எடுத்து நான் பொருத்தினேன்.

4. ஆயுத பூசைக்கு மறுநாள் காலை, தோட்டத்து டிரைவர் வந்து காரை எடுத்துச் சென்றார்.

5. அன்று பத்து மணி வாக்கில், தோட்டத்துக்குள் ஒரு மேட்டுத் திருப்பத்தில் கார் நின்றுவிட்டது.

6. ரப்பர் மரங்களுக்குள்ளிருந்து சுட்டார்கள். தோட்டத்து உதவி மேனேஜரான சின்னத் துரையும் அவருக்குக் காவலாகப் போன ஸ்பெஷல் கான்ஸ்டபிளும் இறந்தார்கள்.

7. டிரைவருக்குக் காயம் இல்லை. அவருடைய சட்டைப் பையில் ஒரு குமிழ் இருந்தது.

முதல் நான்கையும் நானே எழுதிக் கையெழுத்திட்டுப் போலீஸில் கொடுத்தேன். மற்ற மூன்றும் போலீஸ் எழுதியவை. இரண்டு பட்டியல்களிலும் பொய் எதுவும் இல்லை. ஆனால் என்னுடையதில் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே வர வேண்டிய ஒன்றை நான் எழுதவில்லை. அந்த ஆறு குமிழ்களில் மூன்றாவதன் திருகை நான் இறுக்கி முடிக்கவில்லை.

பினாங்கு டெலிபோன் நிலையத்தில் இரண்டு ஆண்டுகள் கருவிகளைப் பழுது பார்க்கும் பயிற்சி பெற்றவள் நான். சான்றிதழ் இருக்கிறது. அம்மா படுக்கையில் விழுந்ததால் கூலிமுக்குத் திரும்பி வந்தேன். பட்டறை முதலாளியான பாய், மீட்டர், டைனமோ, சுவிட்ச் போன்ற சின்ன வேலைகளுக்கு என்னைச் சேர்த்துக்கொண்டார். ஒரு பெண் பட்டறையில் உட்கார்ந்து வேலை செய்வதைப் பார்க்க முதல் மாதம் சிலர் வந்து நின்றார்கள். இரண்டாவது மாதம் அதுவும் பழகிப்போனது.

அந்தக் கார் போருக்கு முந்தியது. ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்துப் புகைக்கூடத்தில் சுற்றிலும் விறகு அடுக்கி ஒளித்து வைத்திருந்தார்களாம். வெளியே எடுத்தபோது இருக்கைத் தோல், கண்ணாடி, டேஷ்போர்டுக் குமிழ்கள் எதுவும் மிஞ்சவில்லை. காட்டிலிருந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்கார அரசு அறிவித்த அவசரகாலம் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. தோட்டத்தில் ஓடிய நல்ல வண்டி ஒன்றைக் காட்டுக்காரர்கள் எரித்துவிட்டார்கள். புதிது வர மாதங்கள் ஆகும் என்பதால் பெரிய துரைக்கு இந்தப் பழையதன் நினைவு வந்தது. டிரைவர் அதை லாரியின் பின்னால் கயிறு கட்டி இழுத்து வந்தார். நாற்பது வயதிருக்கும். மெலிந்த ஆள். தோட்டத்தில் எல்லோரும் அவரை டிரைவர் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். வாரம் இரண்டு முறை லாரியில் அரிசிக்கு டவுனுக்கு வரும்போதெல்லாம் பட்டறைக்குள் எட்டிப் பார்ப்பார். "என் பொண்டாட்டிகூட இவ்வளவு நாள் ஆஸ்பத்திரியில கெடக்கலம்மா," என்பார்.

அந்தக் காருக்குக் குமிழ்கள் எங்கும் விலைக்குக் கிடைக்கவில்லை. பட்டறைக்கு எதிரே இருந்த ரேடியோக் கடைக்காரரிடம் உடைந்த பெட்டிகள் குவிந்து கிடந்தன. அவற்றிலிருந்து ஒரே நிறத்தில், அடர்ந்த பழுப்பில், ஆறு குமிழ்களைத் தேர்ந்தெடுத்தேன். ரேடியோக் குமிழின் துளை பெரியது, காரின் தண்டு அதைவிடச் சற்று மெல்லியது. மெல்லிய பித்தளைக் குழாயை அறுத்து, தண்டின் மேல் உறைபோலச் செருகி, அதன் மேல் குமிழை ஏற்ற வேண்டும். குமிழின் பக்கவாட்டில் தலையில்லாத ஒரு சின்னத் திருகு உண்டு. அது உறையில் இட்ட துளை வழியாகத் தண்டைக் கடிக்கும். உருண்டைத் தண்டில் கடித்தால் வழுக்கிவிடும் என்பதால், திருகு உட்காரும் இடத்தை அரத்தால் ராவித் தட்டையாக்க வேண்டும். ஆறையும் ராவினேன். பிறகு திருகை இறுக்கி, ஒரு மணி நேரம் எஞ்சினை ஓடவிட வேண்டும். அந்த அதிர்வில் பித்தளை உறை படிந்துகொள்ளும், திருகு கால் சுற்றாவது தளரும். அந்தக் கால் சுற்றை மறுபடி இறுக்கி, மேலே ஒரு சொட்டு அரக்கு வைத்து மூட வேண்டும். இரண்டாம் முறை இறுக்காத குமிழ், கையில் பிடித்துப் பார்க்கும்போது உறுதியாகத்தான் இருக்கும். ஓட ஓடத்தான் கழலும்.

இடமிருந்து வலமாக மூன்றாவது, பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழ். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது பெட்ரோலை அதிகமாக்கித் திருப்பி வைப்பார்கள். சூடானதும் குறைத்துவிட வேண்டும். குறைக்காவிட்டால் எஞ்சின் கறுப்புப் புகை கக்கி, மேட்டில் ஏற முடியாமல் திணறி நின்றுவிடும். குமிழ் இல்லாவிட்டால் அந்தத் தண்டை விரலால் திருப்ப முடியாது. பலகைக்கு வெளியே நகத்தளவுதான் நீட்டிக்கொண்டிருக்கும்.

ஆயுத பூசையன்று மதியம் எஞ்சினை ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். பிறகு ஒவ்வொன்றாக மறுபடி இறுக்கினேன். மூன்றாவது குமிழ் ஸ்டியரிங் தண்டுக்குப் பின்னால் மறைந்திருந்ததால் அதைக் கடைசிக்கு விட்டேன். ஐந்து முடிந்ததும் திருப்புளியைக் காரின் மிதிபலகையில் வைத்துவிட்டுக் கை துடைக்கத் துணி எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது திருப்புளியைக் காணவில்லை.

எங்கள் பட்டறையில் பாயைத் தவிர எல்லோரும் இந்துக்கள். பூசைக்குப் பாய் எந்த ஆண்டும் தடை சொன்னதில்லை. வெளியே நின்றிருந்துவிட்டு, முடிந்ததும் பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். மூத்த ஃபிட்டர்தான் முன்னின்று செய்வார். அவர் பட்டறையைச் சுற்றி வந்து சுத்தியல், ஸ்பானர், அரம் எல்லாவற்றையும் சேர்த்து வாழையிலையில் அடுக்கியிருந்தார். காரோடு வந்த சாமான் பையும் அதில் இருந்தது. கடிகாரக்காரர்கள் வைத்திருப்பது போன்ற என் மெல்லிய திருப்புளியும் இருந்தது. அந்தத் திருகுக்குள் நுழையும் திருப்புளி பட்டறையில் அது ஒன்றுதான். சாமிக்கு வைத்து, சூடம் காட்டிவிட்டால், மறுநாள் மறுபூசை முடியும் வரை எந்தக் கருவியையும் எடுக்கக் கூடாது. இது எனக்கும் தெரியும். எங்கள் வீட்டில் அம்மா அரிவாள்மனையைக்கூடத் தொடவிட மாட்டார்.

தேடி அலைந்து அதை அங்கே கண்டபோது பூசை முடிந்திருந்தது. ஃபிட்டரிடம் கேட்டேன். "அண்ணே, அந்தத் திருப்புளி ஒரு நிமிசம் வேணும்."

"சூடம் காட்டியாச்சு தங்கச்சி. இனிமே நாளைக்குத்தான்லா."

"ஒரே ஒரு திருகுதான்."

பூசைக்கு வந்திருந்த டிரைவர் அண்ணன் சந்தனக் கிண்ணத்தோடு காருக்குள் உட்கார்ந்து ஒவ்வொரு குமிழிலும் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். அவர் தலையை வெளியே நீட்டினார். "ஜப்பான்காரனையே சமாளிச்ச காடிம்மா இது. ஒரு திருகுக்காகக் கோவிச்சுக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் மூன்றாவது குமிழில் சந்தனம் தடவி நடுவில் குங்குமம் வைத்தார். திருகு இருந்த துளை சந்தனத்தில் மூடிப்போயிற்று. காலையில் எட்டு மணிக்கு வந்து முதல் வேலையாக அதை முடிப்பது என்று என் நோட்டில் எழுதி வைத்தேன். அவரிடம் அதைச் சொல்லவில்லை. கார் எப்படியும் பத்து மணிக்கு மேல்தான் போகும் என்று இருந்துவிட்டேன்.

விஜயதசமி காலையில் புது வண்டியை முதல் ஓட்டம் ஓட்டினால் நல்லது என்று அவர் ஆறரை மணிக்கே வந்திருக்கிறார். காவலாளி கதவைத் திறந்துவிட்டிருக்கிறார். நான் வந்தபோது கார் நின்ற இடத்தில் நசுங்கிய எலுமிச்சம்பழங்கள் நான்கு கிடந்தன. கருவிகள் எல்லாம் சாமி முன்னால் அப்படியே இருந்தன, காரின் சாமான் பை உட்பட. ஒரு குறடுகூட இல்லாமல் வண்டி போயிருந்தது.

அப்போது நான் செய்திருக்கக் கூடியவை மூன்று. சைக்கிளில் தோட்டத்துக்குப் போயிருக்கலாம். அனுமதிச் சீட்டு இல்லாமல் கரங்கான் சாலையில் ஒரு பெண் தனியாகப் போவது நடக்காத காரியம். தபால் நிலையத்திலிருந்து தோட்டத்து ஆபீசுக்கு டெலிபோன் செய்திருக்கலாம். ஒரு திருகுக்காகத் துரையின் ஆபீசைக் கூப்பிட்டால் பட்டறைக்கு அசிங்கம் என்று நினைத்தேன். டெலிபோனையே படித்துவிட்டு வந்தவள் நான். மூன்றாவதைத்தான் செய்தேன். தோட்டத்து லாரி அன்று டவுனுக்கு வந்திருந்தது. அன்று அதை ஓட்டி வந்த வேறொருவரிடம் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன்: "மூன்றாவது குமிழ் கழலலாம். நான் வந்து இறுக்கும் வரை வண்டியை எடுக்க வேண்டாம்." அப்போது மணி ஒன்பது.

பத்து மணிக்கு நடந்ததைப் பிறகு பலர் சொல்லித்தான் அறிந்தேன். தோட்டத்து ஆபீஸ் முன்னால் ஒரு மணி நேரம் நின்று குளிர்ந்த எஞ்சினை, டிரைவர் மூன்றாவது குமிழைத் திருப்பிக் கிளப்பியிருக்கிறார். சின்னத் துரை பக்கத்தில் உட்கார்ந்தார், கான்ஸ்டபிள் பின்னால். மேட்டுக்கு முன்னால் குமிழைத் திருப்பிக் குறைக்கப் போனபோது அது சும்மா சுழன்றது. இழுத்துப் பார்த்தார், கையோடு வந்துவிட்டது. உள்ளே இருக்கும் திருகு தொலைந்துவிடக் கூடாதே என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். திருப்பத்தில் எஞ்சின் புகை கக்கி நின்றது. அவர் டேஷ்போர்டுக்குக் கீழே குனிந்து தண்டை நகத்தால் திருப்ப முயன்றுகொண்டிருந்தபோது முதல் குண்டு வந்தது. குனிந்திருந்ததால் பிழைத்தார். குனிந்திருந்ததுதான் அவர் மேல் விழுந்த முதல் சந்தேகம். சுடப்போவது முன்கூட்டியே தெரிந்தவன்தானே குனிவான் என்றார்கள். வண்டியை நிறுத்தவே குமிழைக் கழற்றிப் பையில் போட்டான் என்று சொல்லி அன்றே பிடித்துப் போனார்கள்.

என் சீட்டு தோட்டத்துக்குப் போய்ச் சேரவில்லை. வாசலில் லாரியை நிறுத்தி எல்லோரையும் சோதித்தார்கள். துரை செத்த செய்தி அதற்குள் வந்துவிட்டது. அந்த நேரத்தில் பையில் ஒரு கையெழுத்துச் சீட்டு, அதுவும் டிரைவருக்கு, அதுவும் வண்டியை எடுக்காதே என்று. காட்டுக்குச் சேதி கொண்டுபோனதாகச் சந்தேகப்பட்டே எத்தனையோ பேரைப் பிடித்துப் போயிருந்த காலம். ஒரு வாரம் கழித்து லாரிக்காரர் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார். "உன் சூராட்ட, அந்தச் சீட்ட, மென்னு முழுங்கிட்டேம்மா. மன்னிச்சுக்க. யார் கேட்டாலும் நீ எனக்கு ஒண்ணும் குடுக்கல." அவரை நான் குறை சொல்லவில்லை. நானாக இருந்தாலும் விழுங்கியிருப்பேன்.

அதற்கு முன்பே, சம்பவம் நடந்த மூன்றாம் நாள், பட்டறைக்குப் போலீஸ் வந்தது. வரப்போகிறார்கள் என்று தெரிந்ததும் பாய் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். திருகைப் பற்றி நான் அவரிடம் மறைக்கவில்லை.

"நீ சொல்றது உண்மைதாம்மா," என்றார். "வர்றவன் உண்மையக் கேக்க வரலையே. யார் மேல போடலாம்னு வர்றான். பட்டறையப் பூட்டிட்டு உன்னையும் ஏத்திக்கிட்டுப் போயிருவான். படுத்துக் கெடக்கிற அம்மாவ யார் பாக்குறது? கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

கேட்டது இதுதான்: ஆறு குமிழ்களையும் பொருத்தியது யார்? நான். ஆறையும் பொருத்தி முடித்துத்தான் கொடுத்தீர்களா? ஆம். எழுதித் தா என்றார்கள். வரிசையாக எண் போட்டு, சுத்தமாக எழுதிக் கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் மலாய்க்காரர். இவ்வளவு ஒழுங்காக எழுதிய வாக்குமூலத்தைத் தான் பார்த்ததில்லை என்று மொழிபெயர்ப்பாளரிடம் சொன்னார். அதை மொழிபெயர்ப்பாளர் எனக்குத் தமிழில் சொன்னபோது எனக்கு ஒரு கணம் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையையும் இங்கே எழுதிவைக்க வேண்டும்.

மூன்று வாரம் கழித்து டிரைவரின் மனைவி பட்டறைக்கு வந்தார். தோட்டத்துத் தொழிலாளர் லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டுவிட்டார்கள். வெளியே வர அனுமதி வாங்கி, வாசலில் உடம்பு முழுவதும் தடவிப் பார்க்கவிட்டு, பஸ் பிடித்து வந்திருந்தார். பட்டறைக்குள் வர மறுத்து ரேடியோக் கடை நிழலில் நின்றார். கணவரை ஒரே ஒரு முறை, பத்து நிமிடம் பார்க்க விட்டார்களாம். விசாரணை இல்லாமலே அடைத்து வைப்பதற்கான உத்தரவு தயாராகிறது, அதன் பிறகு ஊருக்கு ஏற்றிவிடுவார்கள் என்று தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி சொன்னாராம். ஊர் என்றால் தமிழ்நாடு. டிரைவர் அண்ணன் கைக்குழந்தையாக இங்கே வந்தவர். அங்கே அவருக்கு யாரையும் தெரியாது.

"அவர் உன்னைத்தான் சொல்லிக்கிட்டே இருக்காரு தங்கச்சி," என்றார். "பூசையன்னிக்கு ஒரு திருகு வேணும்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு, அதுக்குத் தெரியும், அதைக் கேளுங்கன்னு. அவங்க கேட்டாங்களாம். அப்பிடி ஒண்ணுமே இல்லேன்னு நீ எழுதிக் குடுத்திருக்கியாம்."

"அப்பிடி எழுதல அக்கா. அதைப் பத்தி எழுதாம விட்டுட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "அப்ப இப்ப எழுது," என்றார்.

மறுநாளே பாயிடம் சொல்லிவிட்டுப் போலீஸ் நிலையத்துக்குப் போனேன். பாய் தடுக்கவில்லை. "துண்டு ஒண்ணு எடுத்துக்கம்மா, உள்ள வெச்சுட்டா ராத்திரி குளிரும்," என்றார். இரண்டாவது வாக்குமூலத்தை இன்னும் ஒழுங்காக எழுதினேன். திருகின் நீளம், தண்டின் அளவு, எத்தனை மணிக்கு எதைச் செய்தேன், எதைச் செய்யவில்லை, யார் என்ன சொன்னார் எல்லாம் இருந்தது. சீட்டு எழுதியதைச் சேர்த்தேன். யாரிடம் கொடுத்தேன் என்பதை எழுதவில்லை. கேட்டார்கள், சொல்லவில்லை.

இன்ஸ்பெக்டர் இரண்டு தாள்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். முதலாவதில் ஏன் இது இல்லை என்று கேட்டார். பயந்தேன் என்றேன். பயந்தவள் எழுதியதுபோல் இது இல்லையே என்றார். நேற்று பட்டறைக்கு வந்த பெண் யார், என்ன தருவதாகச் சொன்னாள் என்று கேட்டார். ஆயுத பூசையையும் விளக்கினேன். மொழிபெயர்ப்பாளர் தமிழர்தான், ஆனால் கிறிஸ்தவர், மிஷன் பள்ளிக்கூட விடுதியிலேயே வளர்ந்தவர். அவர் அதை மலாயில் சொன்ன விதத்தில், ஒரு திருப்புளியை எடுக்கப் பதினைந்து அடி நடக்க எனக்குச் சோம்பல் என்பதுபோல் இருந்தது. சாமிக்கு வைத்ததை எடுக்கக் கூடாது என்று மறுபடி சொன்னேன். ஒரு காரை அதே காலையில் எடுத்து ஓட்டலாம், திருப்புளியை எடுக்கக் கூடாதா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

கடைசியில் பின்பக்கத்து முற்றத்துக்குக் கூட்டிப்போனார்கள். கார் மழையில் நின்றிருந்தது. பக்கக் கதவில் ஓட்டைகள், முன்னால் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்த் தொட்டியில் இரண்டு. உள்ளே ஐந்து குமிழ்களிலும் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. இருக்கையைக் கழுவியிருந்தார்கள். சரியாகக் கழுவவில்லை. ஓர் உறையிலிருந்து மூன்றாவது குமிழை எடுத்துக் கொடுத்து, அன்று பொருத்தியதுபோல் பொருத்திக் காட்டச் சொன்னார்கள். ஒரு திருப்புளியும் கொடுத்தார்கள். பொருத்தினேன். முதல் முறை இறுக்கியதோடு நிறுத்தினேன். இன்ஸ்பெக்டர் உள்ளே உட்கார்ந்து திருப்பினார். தண்டு திரும்பியது. இழுத்தார், வரவில்லை. பத்து முறை செய்து பார்த்தார்.

"பாகுஸ்," என்றார். நல்ல வேலை.

எஞ்சினை ஒரு மணி நேரம் ஓட்டினால் தெரியும் என்றேன். தண்ணீர்த் தொட்டியில் குண்டு பாய்ந்த காரை எப்படி ஓட்டுவது என்று கேட்டார். அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே என் பதிலுக்காகக் காத்திருந்தார். வேறொரு தண்ணீர்த் தொட்டியைப் பட்டறையிலிருந்து கொண்டுவந்து மாட்டுகிறேன், இரண்டு நாள் கொடுங்கள் என்றேன். மேலே கேட்டுச் சொல்வதாகச் சொல்லி, குமிழைக் கழற்ற வைத்து மறுபடி உறையில் போட்டுக்கொண்டார். அதன் பிறகு அதைப் பற்றிக் கூப்பிடவில்லை. மூன்று முறை எழுதிக் கேட்டேன். மூன்றுக்கும் பதில் வரவில்லை.

பட்டறையை இரண்டு வாரம் பூட்டி வைத்து, மூலை முடுக்கெல்லாம் தேடிவிட்டுத் திறந்துவிட்டார்கள். என்னை உள்ளே வைக்கவில்லை. ஏன் என்று தெரியாது. என் வாக்குமூலத்தை நம்பியிருந்தால் குற்றம் என்னுடையது, வைத்திருக்க வேண்டும். நம்பாததால்தான் நான் வெளியே இருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

டிரைவர் குடும்பத்தைத் தோட்டத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அக்காவும் இரண்டு பெண் பிள்ளைகளும் புக்கிட் செலம்பாவில் அவருடைய தம்பி வீட்டில் இருக்கிறார்கள். மாதம் ஒரு முறை போகிறேன். முதல் முறை போனபோது என்ன சொல்வாரோ என்று வாசலிலேயே நின்றேன். "உள்ள வா, மழ வருது," என்றார். அடுத்த முறை, தடுப்புக் காவல் முகாமிலிருந்து டிரைவர் அண்ணன் எழுதிய கடிதத்தை எடுத்துக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அவருக்கும் படிக்கத் தெரியும். ஆனாலும் நான் படித்துக் கேட்க வேண்டும் என்று இருந்திருக்கிறது. கடிதத்தில் பாதி வரிகளைக் கறுப்பு மையால் அழித்திருந்தார்கள். அழிக்காத ஒரு வரி எனக்கு எழுதியது: அந்தப் பொண்ணு இப்பவாவது சொல்லிச்சே, அதுகிட்ட கோவம் இல்லேன்னு சொல்லு.

அந்த வரியைப் படிக்கும்போது என் குரல் மாறவில்லை. படித்து முடித்து, மடித்து, உறையில் போட்டுக் கொடுத்தேன்.

இப்போது பட்டறையில் ஆயுத பூசை நடக்கும்போது என் திருப்புளியை நான் கொடுப்பதில்லை. ஃபிட்டர் கேட்பதும் இல்லை. அது என் பையிலேயே இருக்கிறது. சாமிக்கு அது குற்றமா என்று யாரிடமும் கேட்டதில்லை.

இன்றைய நிலை இது. தடுப்புக் காவல் உத்தரவின் இரண்டு ஆண்டு முடிந்து, சென்ற மாதம் மேலும் இரண்டு ஆண்டு நீட்டித்திருக்கிறார்கள். டிரைவர் அண்ணன் முகாமில் இருக்கிறார். ஊருக்கு அனுப்பும் உத்தரவு இன்னும் வரவில்லை, வராது என்று யாரும் சொல்லவும் இல்லை. கார் போலீஸ் முற்றத்தில் ஐந்து குமிழ்களோடு நிற்கிறது. என் இரண்டு வாக்குமூலங்களும் ஒரே கோப்பில் இருக்கின்றன, முதலாவது மேலே.